விமானப் பயணத்துக்கு நாய்ஸ் கேன்சலிங் ஹெட்ஃபோன்: எதைப் பார்த்து வாங்குவது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இது: அம்மாவுக்கு 68 வயது, கண்ணாடி போடுகிறவர். அவரை அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து தோஹா வழியாக சிகாகோ போகிறீர்கள். போன முறை விமானச் சத்தத்தில் அவருக்குத் தூக்கமே இல்லை, இறங்கியபோது தலை கனத்துப் போயிருந்தது. கடையில் மூவாயிரம் ரூபாய்க்கு ‘50 டெசிபல் ஏ.என்.சி.’ (ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன், அதாவது வெளிச்சத்தத்தை எதிர் ஒலியால் அழிப்பது) என்று போட்ட இயர்பட்ஸ் இருக்கிறது, முப்பதாயிரத்துக்கு சோனியும் போஸும் இருக்கின்றன. பத்து மடங்கு விலைக்கு அதில் என்ன இருக்கிறது, பக்கத்து சீட்டில் குழந்தை அழுதால் அதுவும் கேட்காமல் போகுமா?

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குக் காதை முழுக்க மூடி உட்காரும் பெரிய ஹெட்ஃபோன் வாங்குங்கள். முப்பதாயிரம் கட்டாயமில்லை, பத்தாயிரத்தை ஒட்டியே இந்தப் பயணத்துக்குப் போதுமானது கிடைக்கிறது. மூவாயிரம் ரூபாய் இயர்பட்ஸ் வேண்டாம். குழந்தை அழுகை குறையும், மறையாது. எந்த மாடல் என்பதைவிட, அது அம்மாவின் தலையில், அவருடைய கண்ணாடியோடு, இடைவெளி விடாமல் உட்காருகிறதா என்பதுதான் முக்கியம். நான் ஒலியியல் வேலையில் இருப்பவன். காரணம் புரிந்துவிட்டால் கடையில் யார் என்ன சொன்னாலும் நீங்கள் குழம்ப மாட்டீர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உயரத்தில் சீராகப் பறக்கும் ஜெட் விமானத்துக்குள் சத்தம் பொதுவாக 80 முதல் 85 டெசிபல் வரை இருக்கும். மேலேறும்போது இன்னும் கூடும். அது முழுக்க இன்ஜினிலிருந்து வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் மணிக்கு 900 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில் விமானத்தின் வெளித்தோலை உரசிக்கொண்டு ஓடும் காற்று கொந்தளித்து, அந்த உடலையே அதிர வைக்கிறது. மேலே போன பிறகு நமக்குக் கேட்பதில் பெரும்பங்கு இதுதான். இன்ஜினும், குளிர்காற்று வரும் குழாய்களும் அதோடு சேர்ந்துகொள்கின்றன. எல்லாம் கலந்து ‘கும்’ என்று ஓயாமல் ஒரு கனத்த ஒலி. இறக்கைக்கு முன்னால் உள்ள வரிசைகளில் இது குறைவு, இன்ஜினைத் தாண்டி வால் பக்கம் போகப் போக அதிகம். ஏ350, 787 போன்ற புது விமானங்கள் பழையவற்றைவிட அமைதியானவை. ஆகவே சீட் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் ஹெட்ஃபோனுக்கு முன்பே அதைக் கவனியுங்கள். அம்மாவுக்கு இறக்கைக்கு முன்னால் ஓர் இடம் கிடைத்தால் பாதி உதவி அங்கேயே கிடைத்துவிடும்.

இந்தக் ‘கும்’ சத்தத்தின் குணத்தைப் புரிந்துகொள்வது அவசியம். அது பெரும்பாலும் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கும் தடித்த ஒலி, நிமிடத்துக்கு நிமிடம் அதிகம் மாறாது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகும் சின்ன ஏ.டி.ஆர். 72 விமானத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். அதன் ப்ரொப்பெல்லருக்கு ஆறு இதழ்கள், பறக்கும்போது நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆயிரம் சுற்று. அப்படியானால் நொடிக்குச் சுமார் 100 முறை ஓர் இதழ் ஜன்னலைக் கடந்து போகிறது. காதில் விழும் அந்த ரீங்காரமும் அதே 100 ஹெர்ட்ஸை ஒட்டித்தான் இருக்கிறது.

ஏ.என்.சி. பிறந்ததே இந்த மாதிரிச் சத்தத்துக்காகத்தான். ஓர் ஒலியலையைத் தலைகீழாகத் திருப்பி அதன் மேலேயே விட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் என்ற யோசனைக்கு ஜெர்மானியரான பால் லூக் 1936-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அந்தக் காலத்து மின்னணுவியலில் அதை நடைமுறைக்குக் கொண்டுவர முடியவில்லை. 1978-இல் எம்.ஐ.டி. பேராசிரியர் அமர் போஸ், வங்காளத் தந்தைக்கு அமெரிக்காவில் பிறந்தவர், ஜூரிக்கிலிருந்து பாஸ்டன் திரும்பும் விமானத்தில் கொடுத்த ஹெட்ஃபோனை மாட்டிப் பார்த்தார். இரைச்சலுக்கு மேல் இசை எடுபடவில்லை. அந்தப் பயணத்திலேயே இதற்கான கணக்கைப் போடத் தொடங்கினார். 1986-இல் எரிபொருள் நிரப்பாமல், தரையிறங்காமல் உலகைச் சுற்றிவந்த வாயேஜர் விமானத்தில் ஒன்பது நாளும் விமானிகளின் காதைக் காத்தது அவருடைய நிறுவனத்தின் மாதிரிக் கருவி. 1989-இல் விமானிகளுக்கான ஹெட்செட் விற்பனைக்கு வந்தது, 2000-இல் நம்மைப் போன்ற பயணிகளுக்கு. 

சரி, இதன் எல்லை எங்கே? ஹெட்ஃபோனின் வெளியே ஒரு மைக், உள்ளே காதுக்குப் பக்கத்தில் இன்னொரு மைக். வெளி மைக் வரப்போகும் சத்தத்தைப் பிடிக்கிறது, சிப் அதற்கு எதிர் அலையைக் கணக்கிடுகிறது, ஸ்பீக்கர் அதை வெளியிடுகிறது, மிச்சம் என்ன இருக்கிறது என்று உள் மைக் பார்த்துத் திருத்துகிறது. எல்லாம் நேரத்தோடு நடக்கும் பந்தயம். எதிர் அலை ஒரு முழு அலையின் ஆறில் ஒரு பங்கு பிசகினால் சத்தம் குறையவே குறையாது, அதற்கு மேல் பிசகினால் கூடவே செய்யும். 100 ஹெர்ட்ஸ் ஒலியில் ஓர் அலை முடிய 10 மில்லி விநாடி ஆகும். ஆறில் ஒன்று என்றால் ஒன்றரை மில்லி விநாடிக்கு மேல் கையில் இருக்கிறது, சிப்புக்குத் தாராளமான நேரம். 3000 ஹெர்ட்ஸில் ஓர் அலையே மில்லி விநாடியில் மூன்றில் ஒரு பங்குதான். அதில் ஆறில் ஒன்று ஏறத்தாழ 0.05 மில்லி விநாடி. சத்தத்தைப் பத்தில் ஒரு பங்காக்க வேண்டுமானால் இதைவிடப் பத்து மடங்கு துல்லியம் வேண்டும். போதாக்குறைக்கு, அந்த அதிர்வெண்ணில் அலையின் நீளம் பத்து சென்டிமீட்டரை ஒட்டித்தான். மைக் இருக்கும் இடமும் செவிப்பறை இருக்கும் இடமும் வேறு வேறு அலைக்கட்டத்தில் நிற்கும். அதனால்தான் ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் மின்னணுவியல் கையை விரித்துவிடுகிறது. அங்கிருந்து காதைச் சுற்றியிருக்கும் பஞ்சும் பிளாஸ்டிக்கும்தான் வேலை செய்கின்றன.

உங்கள் குழந்தை அழுகைக் கேள்விக்கு விடை இதிலேயே இருக்கிறது. அழுகையின் அடிச்சுருதி 400, 500 ஹெர்ட்ஸ் அளவில் தொடங்கினாலும், காதைத் துளைக்கும் பகுதி 2000, 3000 ஹெர்ட்ஸில் இருக்கிறது. நம் காதுக்குக் கூர்மை அதிகமான இடமும் அதுதான். நல்ல ஹெட்ஃபோன் அதன் அடிப்பகுதியைக் கொஞ்சம் குறைக்கும், மேற்பகுதியை காதை மூடும் கப்பின் தடிமன் மட்டும் தடுக்கும். இன்னொன்றும் நடக்கும்: ‘கும்’ சத்தம் மற்ற ஒலிகளை மூடி மறைத்துக்கொண்டிருக்கும். அது போனதும் பின்வரிசைக்காரர்கள் பேசுவது முன்பைவிடத் தெளிவாகக் கேட்பதுபோல் இருக்கும். முதன்முறை போடுபவர்கள் ‘பேச்சு கேட்கிறதே, ஹெட்ஃபோன் சரியில்லையோ’ என்று சந்தேகப்படுவது இதனால்தான். கருவியில் பழுதில்லை. அம்மாவுக்கு இது நல்லதும்கூட. பணிப்பெண் என்ன கேட்கிறார் என்பது, பாட்டு ஓடாமல் ஏ.என்.சி. மட்டும் போட்டிருந்தால், வெறும் காதைவிட நன்றாகவே புரியும். அழுகையையும் அடக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

இப்போது பெட்டியில் போட்டிருக்கும் ‘50 டெசிபல்’. இந்த எண்ணை நம்பி ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். ஏ.என்.சி. ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஒவ்வோர் அளவுக்குக் குறைக்கும். எந்த ஒரு புள்ளியில் குறைப்பு உச்சமோ, அந்தப் புள்ளியின் எண்ணை மட்டும் எடுத்து அச்சிட்டால் அது 45, 50 என்று பெரிதாகத் தெரியும். அதற்குக் கொஞ்சம் கீழேயும் மேலேயும் எவ்வளவு குறைகிறது என்பதுதான் பயணத்தில் உதவும், அதைப் பெட்டியில் யாரும் போடுவதில்லை. விமானத்தில் நமக்கு வேண்டியது 50 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை பரவலாக 20, 25 டெசிபல் குறைவது. 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் இருக்கும், 20 குறைந்தால் கால்வாசி. இந்தப் பரவலான குறைப்புக்குத்தான் நல்ல மைக்கும் வேகமான சிப்பும் தேவைப்படுகின்றன, விலை ஏறுவதும் இங்கேதான். மலிவான இயர்பட்ஸில் ஏ.என்.சி. போட்டதும் ஏதோ குறைந்ததுபோல் இருக்கும், ஆனால் விமானத்தின் ஆழமான உறுமல் அப்படியே நிற்கும். சிலவற்றில் ‘ஸ்ஸ்’ என்று ஒரு மெல்லிய இரைச்சல் புதிதாகச் சேரும். பாட்டில்லாமல் தூங்க நினைப்பவருக்கு அது தொந்தரவு.

அதே வரிசையில் இன்னொரு வார்த்தை ‘இ.என்.சி.’ ஏ.என்.சி. என்று நினைத்து இதை வாங்கிப் போகிறவர்கள் ஏராளம். இது நீங்கள் ஃபோனில் பேசும்போது உங்களைச் சுற்றியுள்ள சத்தம் எதிர்முனைக்காரருக்குக் கேட்காமல் வடிகட்டும் வசதி. உங்கள் காதுக்கு அது எதுவும் செய்யாது. கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.

இனி கண்ணாடி விஷயம். இதற்குத்தான் நீங்கள் அதிக நேரம் ஒதுக்க வேண்டும்.

தடித்த ஒலி மிகச் சின்ன இடுக்கு வழியாகவும் புகுந்துவிடும். கண்ணாடியின் காம்பு ஹெட்ஃபோன் குஷனுக்கு அடியில் போகும்போது அதன் மேலும் கீழும் ஒரு மெல்லிய இடுக்கு விழுகிறது. அந்த வழியாக வெளி உறுமல் உள்ளே வருகிறது, உள்ளே ஸ்பீக்கர் தரும் எதிர் அலை வெளியே கசிகிறது. இரண்டு நஷ்டமும் ஒரே இடத்தில். முப்பதாயிரம் ரூபாய் ஹெட்ஃபோன் இந்த ஒரு காரணத்தால் பத்தாயிரம் ரூபாய்ப் பொருளைவிட மோசமாக வேலை செய்வது சாதாரணமாக நடக்கிறது. ஜிமிக்கி, பெரிய தோடு, காதுக்கு மேல் சுருட்டிச் செருகிய முடி, தலையில் சுற்றிய முக்காடு, அடர்ந்த கிருதா எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

கடையில் இதை ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். அம்மாவையே அழைத்துப் போங்கள், அவர் பயணத்தில் போடப்போகும் கண்ணாடியோடும் தோட்டோடும். ஹெட்ஃபோனை மாட்டி ஏ.என்.சி. போட்டு, பாட்டு இல்லாமல், ஏ.சி. ஓடும் சத்தத்தைக் கேட்கச் சொல்லுங்கள். பிறகு ஹெட்ஃபோனை அசைக்காமல் கண்ணாடியை மட்டும் மெல்ல முன்னால் இழுத்துக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றியதும் சத்தம் சட்டென்று இன்னும் அமுங்கினால், அந்தக் குஷன் அவருடைய காம்பைச் சுற்றி மூடவில்லை என்று அர்த்தம். வித்தியாசம் அதிகம் தெரியாவிட்டால் அதுதான் அவருக்கான ஹெட்ஃபோன். மென்மையாக அமுங்கி மெதுவாக மேலெழும் குஷன் இதில் நன்றாக வரும், விறைப்பான மெல்லிய குஷன் தோற்கும். இன்னொரு சோதனை: வாயை நன்றாகத் திறந்து மூடி, மெல்லுவதுபோல் அசைக்கச் சொல்லுங்கள். தாடை அசையும்போது காதுக்குக் கீழே குஷன் தூக்கிக்கொண்டு சத்தம் உள்ளே வந்து போனால் அங்கேயும் இடுக்கு இருக்கிறது. கண்ணாடியைப் பொறுத்தவரை, மெல்லிய தட்டையான உலோகக் காம்புள்ள பழைய கண்ணாடி வீட்டில் இருந்தால் பயணத்துக்கு அதை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். தடித்த பிளாஸ்டிக் காம்பைவிட அது எவ்வளவோ மேல். தூங்கும்போது கண்ணாடி எப்படியும் கழற்றப்படும், அது வேறு.

ஃபோனில் ‘விமானச் சத்தம்’ வீடியோ போட்டுக் கடையில் சோதிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஃபோன் ஸ்பீக்கரால் 100 ஹெர்ட்ஸை வெளிப்படுத்தவே முடியாது, ஆகவே அந்தச் சோதனையில் தேறுவது விமானத்தில் தேறும் என்று சொல்ல முடியாது. வாங்கிய பிறகு, திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள், ஒரு நீண்ட பஸ் பயணத்தில் போட்டுப் பாருங்கள். பஸ் நின்றுகொண்டே இன்ஜின் ஓடும்போது வரும் அந்த அதிர்வு விமான உறுமலுக்கு மிக அருகில் வரும்.

சத்தம் குறைவதற்கு அடுத்தது, அதைப் பத்து மணி நேரம் தலையில் வைத்திருக்க முடிகிறதா என்பது. தோஹாவிலிருந்து சிகாகோ பதினான்கு மணி நேரத்துக்கு மேல். கடையில் ஐந்து நிமிடம் சுகமாக இருப்பது நாலாவது மணியில் உச்சந்தலையில் வலிக்கும். எடை கவனியுங்கள்: சோனி சி.எச்.720என் 192 கிராம், சோனி 1000எக்ஸ்எம்5 சுமார் 250 கிராம், சென்ஹைசர் மொமென்டம் 4 சுமார் 293 கிராம், ஆப்பிளின் ஏர்பாட்ஸ் மேக்ஸ் ஏறத்தாழ 385 கிராம். ஏர்பாட்ஸ் மேக்ஸ் சத்தத்தை அடக்குவதில் முதல் வரிசையில் இருக்கும் பொருள்தான். ஆனாலும் 68 வயதுக்காரர் கழுத்தில் இரவு முழுக்க வைக்க நான் அதைச் சொல்ல மாட்டேன். பக்கவாட்டுப் பிடியும் முக்கியம். பிடி தளர்ந்தால் இடுக்கு விழும், இறுகினால் கண்ணாடிக் காம்பு காதுக்குப் பின்னால் அழுத்தும். தலைவலி வரும் ஒருவருக்கு இறுக்கமான ஹெட்ஃபோன் வாங்கிக் கொடுத்தால் சத்தத்தை விரட்டி வலியைக் கூட்டிவந்ததாகிவிடும். நாற்காலியில் தலையைச் சாய்த்து, இடமும் வலமும் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். கப் பின்பக்கம் துருத்திக்கொண்டிருந்தால் சீட்டின் தலைப்பகுதியில் முட்டி, தூக்கத்தில் நகர்ந்துவிடும்.

ஒருக்களித்தே தூங்கிப் பழகியவர்களுக்குப் பெரிய ஹெட்ஃபோன் ஒத்துவராது, அவர்களுக்கு இயர்பட்ஸ்தான். ஏர்பாட்ஸ் ப்ரோ, போஸ் குயட்கம்ஃபர்ட் அல்ட்ரா, சோனி டபிள்யூ.எஃப். 1000எக்ஸ்எம்5 போன்ற மேல்தட்டு இயர்பட்ஸ் இன்று பெரிய ஹெட்ஃபோன்களுக்கு மிக நெருக்கமாக வந்துவிட்டன, கண்ணாடித் தொல்லையும் கிடையாது. ஆனால் ஒரு சார்ஜில் இவை ஆறு முதல் எட்டு மணி நேரம். பெரிய ஹெட்ஃபோன்கள் 20 முதல் 40 மணி நேரம், மொமென்டம் 4 மட்டும் 60 மணி நேரம் என்கிறது. நள்ளிரவில் பேட்டரி தீர்ந்து, இருட்டில் ஒரு பட் சீட்டுக்கு அடியில் உருண்டு போனால் அம்மாவால் குனிந்து தேட முடியாது. சீட்டின் இயந்திரப் பகுதிக்குள் விழுந்ததை நீங்களே எடுக்கவும் கூடாது, பணியாளரைத்தான் கூப்பிட வேண்டும். அதனால்தான் அவருக்குப் பெரிய ஹெட்ஃபோன் என்கிறேன். நீங்கள் உங்களுக்கு வாங்குவதாக இருந்தால் இயர்பட்ஸைத் தாராளமாக யோசியுங்கள். பெட்டியோடு வரும் எல்லா அளவு ரப்பர் முனைகளையும் மாற்றிப் பார்த்து, காதுத் துளையை முழுக்க அடைக்கும் அளவைத் தேர்ந்தெடுங்கள். வலது காதுக்கும் இடது காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படுவது சகஜம்.

கம்பி பற்றிய கேள்வி உங்களிடம் இல்லை, ஆனால் ஏறி உட்கார்ந்ததும் வரும். அம்மா முன்சீட்டுத் திரையில் தமிழ்ப் படம் பார்க்க ஆசைப்படுவார். பெரும்பாலான விமானங்களில் அதற்கு இன்னும் 3.5 மில்லிமீட்டர் துளையில்தான் கம்பி செருக வேண்டும். ஆகவே வாங்கும் ஹெட்ஃபோனில் அந்தத் துளை இருக்கிறதா, கம்பியில் போட்டாலும் ஏ.என்.சி. வேலை செய்கிறதா, பேட்டரி தீர்ந்தாலும் கம்பி வழியாகக் கேட்கிறதா என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில பழைய விமானங்களில் கைப்பிடியில் இரண்டு துளைகள் இருக்கும். ஒற்றை முனையை அதில் ஒன்றில் செருகினால் ஒரு காதில் மட்டும்தான் கேட்கும். இரட்டை முனை அடாப்டர் ஒன்று குறைந்த விலைக்குக் கிடைக்கிறது, பையில் போட்டுக்கொள்ளுங்கள். கம்பியே வேண்டாம் என்றால் அந்தத் துளையில் செருகும் சின்ன புளூடூத் டிரான்ஸ்மிட்டர்கள் உண்டு. அதை வீட்டிலேயே ஹெட்ஃபோனோடு இணைத்துப் பழகிவிட்டுப் போங்கள், விமானத்தில் சுற்றிலும் பத்துப் பேருடைய கருவி பட்டியலில் தெரியும்போது முதன்முறை இணைப்பது சிரமம்.

செட்டிங்ஸில் மூன்று விஷயம். இடத்துக்கு ஏற்பத் தானாகக் குறைப்பை மாற்றும் வசதி இருந்தால் அணைத்துவிட்டு, ஏ.என்.சி.யை முழு அளவில் நிறுத்துங்கள். நீங்கள் பேசினால் தானாகப் பாட்டை நிறுத்தி வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வசதியையும் அணையுங்கள், இருமினால்கூட அது விழித்துக்கொள்ளும். சாஃப்ட்வேர் அப்டேட்டைப் புறப்படும் நாளில் செய்யாதீர்கள், ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

ஏ.என்.சி. போட்டதும் காதில் ஏதோ அழுத்துவதுபோல் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். அங்கே உண்மையான காற்றழுத்த மாற்றம் எதுவும் இல்லை. தடித்த ஒலி மட்டும் திடீரென்று காணாமல் போவதை மூளை அழுத்தமாக எடுத்துக்கொள்கிறது. பலருக்குப் பழகிவிடும், சிலருக்குக் கடைசிவரை தலைசுற்றும். அம்மா இரண்டாவது வகையா என்பதைப் பயணத்துக்கு முன்பே தெரிந்துகொள்ள, வீட்டில் தினமும் அரை மணி நேரம் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். விமானம் இறங்கும்போது காது அடைப்பதும் வலிப்பதும் வேறு. அது நிஜமான அழுத்த மாற்றம், எந்த ஹெட்ஃபோனும் உதவாது. எச்சில் விழுங்குவதும், மிட்டாய் சப்புவதும்தான் வழி. இயர்பட்ஸ் போட்டிருந்தால் இறங்கத் தொடங்கியதும் கழற்றிவிடுவது நல்லது. அவருடைய தலைவலிக்குச் சத்தம் மட்டும் காரணமாக இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். உள்ளே காற்று மிகவும் வறண்டிருக்கும், அழுத்தம் 6000 முதல் 8000 அடி உயர மலையில் இருப்பதுபோல் இருக்கும். தண்ணீர் குடிக்க வையுங்கள்.

இன்னொரு நன்மையைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. 83 டெசிபல் இரைச்சலில் சாதாரண இயர்ஃபோனில் பாட்டுக் கேட்பவர், வசனம் புரிய வேண்டுமென்று ஒலியை 90-க்கு மேல் கொண்டுபோய்விடுவார். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது வேலையிடங்களுக்கு வைத்திருக்கும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 88-இல் நாலு மணி, 91-இல் இரண்டே மணி. பதினான்கு மணி நேரப் பயணத்தில் இது எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். வெளிச்சத்தம் குறைந்தால் பாட்டின் ஒலியும் தானாகக் குறையும். நான் நல்ல ஏ.என்.சி.க்குக் காசு செலவழிக்கச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான், தூக்கம் இரண்டாவது.

காசே அதிகம் செலவழிக்க முடியாதவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். மருந்துக்கடையிலும் பாதுகாப்புச் சாதனக் கடையிலும் கிடைக்கும் நுரைப்பஞ்சுக் காதடைப்பான், எடுத்துக்காட்டாக 3எம் 1100, 29 டெசிபல் மதிப்பீடு பெற்றது. சில ரூபாய்தான் விலை. சரியாகப் போட்டால் மூவாயிரம் ரூபாய் இயர்பட்ஸைவிட நன்றாகத் தூங்க வைக்கும், அழுகைச் சத்தத்தையும் நன்றாகக் குறைக்கும். ‘சரியாக’ என்பதுதான் இதில் எல்லாம்: விரல்களுக்கிடையில் மெல்லிய குச்சியாக உருட்ட வேண்டும். மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்தால் துளை நேராகும். உடனே உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். வெளியே பாதி துருத்திக்கொண்டிருந்தால் போடாத மாதிரிதான். இதைப் போட்டு அதன்மேல் ஏ.என்.சி. ஹெட்ஃபோனையும் மாட்டினால், தடித்த சத்தத்தை ஹெட்ஃபோனும் கூர்மையான சத்தத்தைப் பஞ்சும் பார்த்துக்கொள்ளும். குழந்தை அழுகைக்கு நான் சொல்வதாகச் சொன்ன வழி இதுதான்.

மாடல்களுக்கு வருவோம். பத்தாயிரத்தை ஒட்டி சோனி சி.எச்.720என், சவுண்ட்கோர் ஸ்பேஸ் ஒன் இரண்டையும் அம்மாவுக்கு மாட்டிப் பாருங்கள். சோனியின் எடை குறைவு பெரிய பலம், உறை தர மாட்டார்கள். சத்தக் குறைப்பில் மேல்தட்டுப் பொருள்களுக்கு ஒரு படி கீழேதான், ஆனால் விமான உறுமலில் உங்கள் அம்மா அந்த ஒரு படியைத் தேடமாட்டார். முப்பதாயிரம் வரை போக முடியுமென்றால், கண்ணாடி போடுபவர்களுக்கு நான் முதலில் மாட்டிப் பார்க்கச் சொல்வது போஸ் குயட்கம்ஃபர்ட் வரிசையை. பிடி மென்மை, குஷனும் நன்றாக வளைந்துகொடுக்கும். 2020-இல் வந்த சோனி 1000எக்ஸ்எம்4 இன்னும் நல்ல பொருள், மடித்துச் சின்னதாக வைக்கலாம். 2022-இன் எக்ஸ்எம்5 மடங்காது, கைப்பையில் இடம் பிடிக்கும். 2025-இன் எக்ஸ்எம்6-இல் மடக்கும் வசதியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். புதிது வந்ததும் பழைய மாடல் பண்டிகைத் தள்ளுபடியில் நல்ல விலைக்கு இறங்கும். விமானத்துக்கு மட்டும் என்றால் பழையதே போதும். அந்தப் பெயர்களில் போலிகள் நிறைய இருப்பதால், நம்ப முடியாத விலைக்கு வந்தால் வாங்காதீர்கள். நம் ஊர் வெக்கையில் வியர்வை பட்டு குஷன் தோல் சில ஆண்டுகளில் உரியும், அப்போது சத்தத் தடுப்பும் போகும். மாற்றுக் குஷன் நிறுவனத்திடமே கிடைக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். உள் மைக்கின் கணக்கு அந்தக் குஷனுக்கு ஏற்ப அமைத்தது, வேறு தடிமனில் போட்டால் ஏ.என்.சி. கெடும்.

கடைசியாக பவர் பேங்க். அதை நம்பி இருக்காதீர்கள். 2025-இல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், எமிரேட்ஸ் உட்பட பல நிறுவனங்கள் விமானத்துக்குள் பவர் பேங்கிலிருந்து சார்ஜ் ஏற்றுவதைத் தடைசெய்துவிட்டன. உங்கள் விமான நிறுவனத்தின் இப்போதைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பவர் பேங்க் எங்கேயும் கைப்பையில்தான் போக வேண்டும், ஹெட்ஃபோனையும் அதே பையில் வையுங்கள். சார்ஜ் ஏறும்போது வேலை செய்யாத ஹெட்ஃபோன்களும் இருக்கின்றன. ஆகவே வீட்டில் முழுக்க ஏற்றி, தோஹாவில் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும்போது இன்னொரு முறை செருகிவிட்டால் சிகாகோ வரை கவலையில்லை. பாதுகாப்பு விளக்கம் நடக்கும்போதும், விமானம் ஏறி இறங்கும்போது பணியாளர்கள் கேட்டாலும் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட வேண்டும் என்பதையும், வெளிச்சத்தத்தைக் கேட்க எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதையும் அம்மாவுக்கு வீட்டிலேயே இரண்டு மூன்று முறை செய்து காட்டிவிடுங்கள்.